மில்லை விற்ற பணம்: யாரைக் கூட உட்கார வைப்பது?

பல்லடம் பக்கம் இருபத்தெட்டு வருடம் ஓட்டிய ஸ்பின்னிங் மில்லை எங்கள் பெரியப்பா மகன் 2025 தொடக்கத்தில் விற்றுவிட்டார். பேங்க் கடன், ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியது, வரி எல்லாம் போகக் கையில் நின்றது 12 கோடி. பணம் கணக்கில் ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பேங்கிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் பழக்கூடையோடு வாசலில் நின்றார். "கடன் வாங்கினப்ப நாம அங்க போயி ஒக்காந்திருந்தோம். இப்ப ஆப்பிள் நம்மளத் தேடி வருது" என்று அண்ணி சிரித்தார்.

அண்ணன் எனக்குப் போன் செய்தார். "நீ கம்பெனிக் கணக்குப் பார்த்தவன். நாலு பேரைப் பார்க்கலாம்னு இருக்கேன், கூட வந்து உக்காரு. எனக்குப் பஞ்சு ரேட் தெரியும், இது தெரியாது."

உட்கார்ந்தேன். நான்கைந்து மாதம், நான்கு விதமான ஆட்கள். ஐந்து கோடியிலிருந்து ஐம்பது கோடி வரை கையில் வந்து சேர்ந்தவர்கள் யாரைப் பிடிப்பது என்று குழம்பும்போது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சம்பளத்தில் மாதாமாதம் எஸ்ஐபி போடுகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிஸ்க் என்றதும் எல்லோரும் ஷேர் மார்க்கெட்டைத்தான் காட்டுகிறார்கள். முப்பது வயதில் பத்து லட்சம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். ஐம்பத்தெட்டு வயதில் மில்லை விற்று வந்த பணம் போனால் விற்பதற்கு இன்னொரு மில் கிடையாது. வசதியான குடும்பம் சறுக்கிய கதைகளை எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். பார்ட்னர் சண்டை, ஒரே தொழிலில் எல்லாவற்றையும் போட்டது, அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்து, அவசரத்துக்கு விற்க முடியாத நிலம், உயில் இல்லாமல் போன அப்பா என்றுதான் வரும். மார்க்கெட் விழுந்ததால் மட்டும் கெட்டவர் என்று நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. ஆகவே ஒவ்வொருவரையும் பார்க்கும்போது என் மனதில் இருந்த கேள்வி ஒன்றுதான்: இவர் கண்ணுக்கு எந்தெந்த ரிஸ்க் தெரிகிறது, எது தெரியவே தெரியாது?

முதலில் பேங்க் தம்பி.

வெல்த் பிரிவின் ரிலேஷன்ஷிப் மேனேஜர். ஆர்எம் என்பார்கள். மரியாதையான பையன், டேப்லெட்டை எடுத்து வைத்து ரிஸ்க் புரொஃபைல் போடலாம் என்றார். "மார்க்கெட் 20 சதவீதம் இறங்கினால் என்ன செய்வீர்கள்? விற்பேன், காத்திருப்பேன், இன்னும் வாங்குவேன்." அண்ணன் யோசித்துவிட்டு, "தெரியலையே தம்பி, நான் இதுவரைக்கும் வாங்கினதே இல்லையே" என்றார். "அப்ப காத்திருப்பேன்னு போட்டுக்கலாங்க சார்" என்று விரல் நகர்ந்தது. பத்துக் கேள்விகள், மூன்று நிமிடம். கடைசியில் திரையில் வந்தது: நீங்கள் ஓரளவு துணிச்சலான முதலீட்டாளர். அண்ணி அந்தத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் திட்டம் வந்தது. ரெகுலர் பிளானில் (விற்பவர் கமிஷனும் சேர்ந்தது) மியூச்சுவல் ஃபண்டுகள், ஒரு பிஎம்எஸ் (நம் பெயரில் ஷேர் வாங்கி விற்கும் சேவை), ஒரு ஏஐஎஃப் (பெரிய தொகை போடுகிறவர்களுக்கான தனியார் ஃபண்டு), கூடவே வருடம் 25 லட்சம் வீதம் பத்து வருடம் கட்டும் கேரண்டீட் இன்சூரன்ஸ் பாலிசி. முதிர்வுப் பணத்துக்கு வரி இல்லை என்று சொன்னார். 2023 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசிகளில் வருட பிரீமியம் 5 லட்சத்தைத் தாண்டினால் அந்தச் சலுகை கிடையாதே என்று கேட்டேன். "செக் பண்ணிச் சொல்றேங்க சார்" என்றார். இன்னும் செக் பண்ணிக்கொண்டிருக்கிறார் போல. அன்றிரவு எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன், அந்தப் பாலிசி வருடத்துக்கு ஐந்தரை சதவீதத்தைத் தாண்டவில்லை. அவர் முன்வைத்ததில் பேங்குக்கு முதல் வருடத்தில் அதிகக் கமிஷன் தரக்கூடியதும் அதுதான்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு மாத டார்கெட் இருக்கிறது, இரண்டு மூன்று வருடத்தில் வேறு கிளைக்கு மாற்றிவிடுவார்கள். பேங்கால் கிடைக்கும் வசதிகளும் சின்னது இல்லை. டெபாசிட்டின் மேல் உடனே ஓவர்டிராஃப்ட், லாக்கர், பாண்டு வாங்க வழி, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வேலை எல்லாம் ஒரே இடத்தில் முடியும். ஆனால் தன் அலமாரியில் இருக்கும் பொருள் எதையும் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. யெஸ் பேங்கின் ஏடி1 பாண்டுகள், அதாவது பேங்க் சிக்கலில் மாட்டினால் மதிப்பையே அழித்துவிடக்கூடிய பத்திரங்கள், நினைவிருக்கும். 2020 மார்ச்சில் 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தப் பாண்டுகள் ஒரேயடியாகப் பூஜ்ஜியமாக எழுதப்பட்டன. வாங்கியவர்களில் நிறையப் பேர் அதே பேங்கில் டெபாசிட் வைத்திருந்தவர்கள். ரிஸ்கைச் சரியாகச் சொல்லாமல் விற்றார்கள் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021 ஏப்ரலில் பேங்குக்கு 25 கோடி அபராதம் விதித்தது. 2023 ஜனவரியில் பாம்பே ஹைகோர்ட் அந்தப் பூஜ்ஜியமாக்கலை ரத்து செய்ய, வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் என்ன சொன்னாலும் சரி, எஃப்டி என்று நினைத்து எதையோ வாங்கிய எழுபது வயதுக்காரருக்கு அந்தத் தூக்கம் திரும்ப வராது.

அடுத்தவர் அண்ணனின் பள்ளி நண்பர், கோயம்புத்தூரில் மியூச்சுவல் ஃபண்ட் டிஸ்ட்ரிபியூட்டர். ஏஆர்என் என்ற பதிவு நம்பர் வைத்து இருபது வருடமாகத் தொழில் செய்கிறார். இவரிடம் எனக்கு நம்பிக்கை வந்தது, காரணம் 2020 மார்ச் 23-ஐப் பற்றி அவர் சொன்ன விதம். அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,934 புள்ளி, 13 சதவீதம் விழுந்தது. ஜனவரியில் 12,362 வரை போன நிஃப்டி 7,610-ல் நின்றது. "காலையில இருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் போன். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன், இன்னிக்கு எதுவும் விக்க வேண்டாம், நாளைக்குக் காலையில பேசுவோம்." நவம்பரில் நிஃப்டி பழைய இடத்தைத் தொட்டது. அன்று விற்கவிடாமல் பிடித்து வைத்ததே அவருடைய வருடக் கமிஷனைப் பல தடவை ஈடுகட்டியிருக்கும்.

2018 அக்டோபருக்குப் பிறகு இவர்களுக்கு முன்கூட்டிய கமிஷன் கிடையாது, செபி நிறுத்திவிட்டது. பணம் ஃபண்டில் இருக்கும் வரை வருகிற டிரெயில் கமிஷன் மட்டும். ஆகவே நம் பணம் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதில் அவருக்கும் நமக்கும் ஒரே ஆசை. சங்கடமும் அங்கேதான் இருக்கிறது. நிலத்தின் மேல் இருக்கும் கடனை அடைத்துவிடு, நான்கு வருடச் செலவை டெபாசிட்டில் போடு, அரசு பாண்டு வாங்கு என்று அவர் சொன்னால் அவருக்கு ஒரு பைசா வராது. நல்ல மனிதர் சொல்லவும் செய்வார், அண்ணனின் நண்பர் சொன்னார். எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. செலவும் கண்ணில் படுவதில்லை. ஈக்விட்டி ஃபண்டுகளில் ரெகுலருக்கும் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானுக்கும் பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீதம் வித்தியாசம் வரும். 7 கோடிக்கு முக்கால் சதவீதம் வைத்தால் வருடம் 5 லட்சத்து 25 ஆயிரம். செக் எழுதிக் கொடுக்கச் சொன்னால் நம் ஆட்கள் மூன்று நாள் யோசிப்பார்கள், என்ஏவியில் (ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பில்) கழிந்து போவதால் கேட்க ஆளில்லை.

மூன்றாவது, சென்னையிலிருந்து வந்த பிஎம்எஸ் கம்பெனி ஆள். குறைந்தது 50 லட்சம் போட வேண்டும், 2020 முதல் அதுதான் வரம்பு. ஷேர்கள் நம் பெயரிலேயே டீமேட்டில் இருக்கும், எதை எப்போது வாங்குவது விற்பது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பிஎம்எஸ் மேனேஜர் பார்ப்பது அவரிடம் கொடுத்த பணத்தை மட்டும். மீதிப் பத்துக் கோடி எங்கே இருக்கிறது, வீட்டில் யாருக்கு என்ன தேவை என்பது அவர் வேலை இல்லை. இருபது இருபத்தைந்து ஷேர்தான் வைத்திருப்பார்கள், ஏறினாலும் இறங்கினாலும் வேகம் அதிகம். இன்னொன்று, ஃபண்டுக்குள் மேனேஜர் ஷேரை மாற்றினால் நமக்கு வரி கிடையாது, நாம் வெளியே எடுக்கும்போதுதான். பிஎம்எஸ்ஸில் ஒவ்வொரு விற்பனையும் நம் தலையில் விழும், ஆடிட்டருக்கு நாற்பது பக்கம் ஸ்டேட்மென்ட் போகும். ஒரு வருடத்துக்குள் வெளியேறினால் 3 சதவீதம் வரை பிடிக்கலாம். 3 கோடிக்கு 2 சதவீதக் கட்டணம் என்றால் 6 லட்சம், ஜிஎஸ்டியோடு 7 லட்சத்து 8 ஆயிரம். ரிஸ்கைக் குறைக்க வந்த மனிதருக்கு முதல் நாளே இது எதற்கு என்று எனக்குப் பட்டது. ஏஐஎஃப் இன்னும் ஒரு படி மேல்: குறைந்தது ஒரு கோடி, பெரும்பாலும் பல வருடம் கையை விட்டுப் போய்விடும்.

நான்காவது ஆளைக் கண்டுபிடிக்கத்தான் சிரமப்பட்டோம். செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர், நம்மிடம் மட்டும் கட்டணம் வாங்குகிறவர், பொருள் எதுவும் விற்காதவர். இதற்கான விதிகள் 2013-லேயே வந்துவிட்டன. ஒரே குடும்பத்துக்கு யோசனையும் சொல்லிக் கமிஷனும் வாங்குவதற்கு 2020-ல் தடை வந்தது. ஆனாலும் இப்படி இருப்பவர்கள் நாடு முழுக்கச் சுமார் ஆயிரம் பேர்தான். சாய்பாபா காலனியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. பதிவு எண் ஐஎன்ஏ என்று தொடங்குகிறதா என்று செபி இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் போனோம்.

அண்ணன் பையிலிருந்து பேங்க் கொடுத்த வண்ண அச்சுத் திட்டத்தை எடுத்தார். அந்த அம்மா அதைத் தொடவில்லை.

"பணத்தை அப்புறம் பார்க்கலாங்க சார். யாருடைய கடனுக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணியின் தம்பிக்குத் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி. பிரைவேட் லிமிடெட் கம்பெனி. நான்கு வருடத்துக்கு முன்னால் 6 கோடி கடன் லிமிட் வாங்கும்போது, "ஒரு சம்பிரதாயம்தாங்க மாமா" என்று சொல்லி பர்சனல் கேரண்டியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அண்ணன் அதை மறந்தே போயிருந்தார். எனக்கும் தெரியாது. பேங்க் தம்பியின் பத்துக் கேள்விகளில் அது இல்லை.

கையில் இருப்பது 12 கோடி, அதில் பாதிக்கு ஏற்கெனவே ஒருவர் உரிமை கொண்டாடலாம். கடன் வாங்கியவரை முதலில் துரத்திவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும். கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்கள் மேல் திவால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க 2019 டிசம்பரில் வழி திறந்தது, சுப்ரீம் கோர்ட் 2021 மே மாதத்தில் அது சரி என்று சொல்லிவிட்டது. இதையெல்லாம் அந்த அம்மா குரலை உயர்த்தாமல், ஏதோ பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் அண்ணனின் சொத்தெல்லாம் எழுதச் சொன்னார். திருப்பூரில் இரண்டு குடோன், வாடகைக்கு இருப்பது பனியன் கம்பெனிகள். பல்லடத்தில் பூர்வீக நிலம், அதன் விலை ஏறுவதும் இறங்குவதும் திருப்பூர் ஓட்டத்தைப் பொறுத்து. ஜாமீன் பனியன் கம்பெனிக்கு. பழைய பாக்கி வர வேண்டியது மூன்று நூல் வியாபாரிகளிடமிருந்து. மில்லை விற்றுவிட்டோம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார், பஞ்சு அவரை விடவில்லை. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்ததைப் பார்த்தவர் அவர். நாங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்த சில வாரங்களில், 2025 ஆகஸ்டில், அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியது. பனியன் ஏற்றுமதிக்கு அமெரிக்கா எவ்வளவு பெரிய சந்தை என்று திருப்பூர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாடகை, நிலம், பாக்கி, ஜாமீன் நான்கும் ஒரே நாளில் ஆட்டம் காணும் என்று அன்றைக்கு அண்ணனுக்கே புரிந்தது.

ரிஸ்க் புரொஃபைலும் போட்டார், ஆனால் வேறு விதமாக. சதவீதத்தில் கேட்கவில்லை. "12 கோடியில் 60 சதவீதம் ஷேர் சார்ந்ததில் போட்டால் 7 கோடியே 20 லட்சம். 2020 மாதிரி 38 சதவீதம் விழுந்தால் ரெண்டே மாசத்தில் 2 கோடியே 74 லட்சம் கண்ணு முன்னால போகும். தூங்குவீங்களா?" அண்ணன் உடனே சொன்னார்: "மில்லு மோசமா ஓடின வருசம்கூட அவ்வளவு போகலீங்கம்மா." ஓரளவு துணிச்சலான முதலீட்டாளர் அந்த நிமிடமே காணாமல் போனார். 35 சதவீதத்துக்கு இறக்கினோம். அதே வீழ்ச்சியில் 1 கோடியே 60 லட்சம். 2008-ஐயும் விடாமல் காட்டினார்: ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது, அப்படி வந்தால் இரண்டரைக் கோடிக்கு மேல் போகும். அண்ணன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு, "அது வந்தா வாடகையில ஓட்டிக்கலாம்" என்றார். "அந்த வாடகையும் பனியன்தானுங்க சார்" என்றார் அந்த அம்மா. அதனால் மாதம் 2 லட்சம் வீதம் நான்கு வருட வீட்டுச் செலவும் மகள் கல்யாணச் செலவும் முதலில் தனியே ஒதுங்கின.

ஒதுக்கியதை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு பாடம். ஒரு பேங்கில் ஒருவர் பெயரில் எவ்வளவு டெபாசிட் இருந்தாலும் காப்பீடு 5 லட்சத்துக்குத்தான். அதுவும் 2020 பிப்ரவரிக்கு முன் ஒரு லட்சம். ஆகவே பெரிய பேங்குகள் இரண்டு மூன்றில் பிரித்து, மீதி அரசு பாண்டும், ஒரு வருடத்துக்குள் முதிரும் அரசின் டிரெஷரி பில்லும். 2021 நவம்பரிலிருந்து ரிசர்வ் பேங்கின் ரீட்டெய்ல் டைரக்ட் கணக்கில் நாமே வாங்கலாம், நடுவில் யாருக்கும் கமிஷன் இல்லை. அரை சதவீதம் கூடுதலாகத் தரும், கடன் பத்திரங்களில் பணம் போடும் கடன் ஃபண்டுகள் பற்றி நான் கேட்டேன். அவர் ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் கதையைச் சொன்னார். 2020 ஏப்ரல் 23 அன்று ஆறு கடன் ஃபண்டுகளை மூடினார்கள், சுமார் 25,000 கோடி உள்ளே மாட்டியது. கடைசியில் பணம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் தவணை தவணையாக வந்தது. கல்யாண மண்டபத்துக்காரரிடம் தவணை சொல்ல முடியுமா?

அப்புறம் உயில். அண்ணன் எழுதவில்லை. எல்லாக் கணக்கிலும் அண்ணி நாமினி, அது போதும் என்று நினைத்திருந்தார். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர், வாரிசுகள்தான் சொந்தக்காரர்கள். ஷேர் விஷயத்திலும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பூர்வீக நிலத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு. நம் மாநிலத்தில் 1989-லேயே சட்டம் வந்தாயிற்று, 2005-ல் நாடு முழுக்க. டிரஸ்ட் போடலாமா என்று அண்ணன் கேட்டார், யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் வாரிசு வரி 1985-லேயே போய்விட்டதால் வரிக்காக அவசரப்பட வேண்டாம், கடன் கொடுத்தவர் கைக்கு எட்டக் கூடாது என்பதற்காக இப்போது எழுதினால் அது கோர்ட்டில் நிற்காது என்று சொல்லி அந்த அம்மா வக்கீலிடம் அனுப்பினார். பழைய ஜாமீன் இருக்கும்போது சொத்தை மாற்றி எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதை வக்கீலும் அதேபோலச் சொன்னார். இன்னொரு வழியையும் சொன்னார்: மணமானவர் மனைவி மக்கள் பெயரில் 1874-ம் வருடச் சட்டப்படி எடுக்கும் ஆயுள் காப்பீட்டில் கடன் கொடுத்தவர்கள் கை வைக்க முடியாது, ஏமாற்றும் எண்ணத்தோடு எடுத்ததாக நிரூபித்தால் தவிர. அதற்குத் தேவை, இறந்தால் மட்டும் பணம் வரும் சாதாரண டெர்ம் பாலிசி. பேங்க் தம்பியின் 25 லட்சத்துப் பாலிசி இல்லை.

இந்த வகை ஆலோசகரிடம் குறையே இல்லை என்று நினைக்காதீர்கள். அவர் சொல்வார், செய்ய வேண்டியது நாம். அண்ணன் ஐம்பத்தெட்டு வயதில் மூன்று ஆப்களில் ஓடிபி போட்டுக்கொண்டிருக்கிறார், வாராவாரம் எனக்கு ஒரு போன். தனி ஆளாக இருப்பதால் அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் நம் கதி என்ன என்பதையும் கேட்டுவைக்க வேண்டும். கட்டண முறையைக் கவனமாகப் பாருங்கள். நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடம் 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, 2025 ஜனவரிக்கு முன் அது 1,25,000. சொத்து மதிப்பில் சதவீதம் என்றால் 2.5 வரை வாங்கலாம். 12 கோடிக்கு அது 30 லட்சம்! விதி அனுமதிக்கிறது என்பதற்காக யாரும் அவ்வளவு கேட்பதாக நான் சொல்லவில்லை, ஆனால் சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டால், கடனை அடைக்கச் சொல்லும் யோசனை அவருக்கும் வருமானக் குறைவுதான். கமிஷன்காரரிடம் பார்த்த அதே சங்கடம் வேறு சட்டை போட்டு வந்து நிற்கும். ஆகவே நிலையான கட்டணம். நம் பணம் எந்தக் காரணத்துக்காகவும் அவர் கணக்குக்குப் போகக் கூடாது, கட்டணம் மட்டும்தான் போகலாம்.

ஐந்தாவதாக ஒரு வகையும் உண்டு. பல குடும்பங்களுக்குச் சேர்த்து வேலை பார்க்கும் ஃபேமிலி ஆபீஸ். வக்கீல், வரி ஆள், முதலீட்டு ஆள், கணக்கு எழுதுகிறவர் எல்லாம் ஒரே கூரையில். நூறு கோடிக்கு மேல், இரண்டு நாட்டில் பிள்ளைகள், நான்கைந்து கம்பெனிகள் என்றால் அது சரி. கோயம்புத்தூரிலேயே அப்படிக் குடும்பங்கள் இருக்கின்றன. எங்களுக்கு அது பொங்கல் வைக்கக் கல்யாணச் சமையல்காரரைக் கூப்பிடுவது போல.

என் கருத்தைக் கேட்டால், பேங்க் ஆர்எம்மை முதலீட்டு யோசனைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், பேங்க் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட் பயம் மட்டும்தான் பிரச்சினை, கடன் ஜாமீன் வழக்கு எதுவும் இல்லை, ஆப் பார்த்தாலே தலை சுற்றும் என்றால் நல்ல டிஸ்ட்ரிபியூட்டர் போதும், அந்த முக்கால் சதவீதம் கொடுக்கத் தகுந்தது. தொழில் செய்த குடும்பம், விற்று வந்த பணம் என்றால் கட்டணம் வாங்கும் ஆலோசகர், கூடவே வக்கீல், பழைய ஆடிட்டர். பிஎம்எஸ் எல்லாம் இரண்டு மூன்று வருடம் ஆகி, விழுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிறகு.

அண்ணனும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார். ஒரு விலக்கு: பள்ளி நண்பரிடம் 50 லட்சம் ரெகுலர் பிளானில் போட்டிருக்கிறார். "அது மொய்யின்னு வச்சுக்கோ" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மார்க்கெட் விழுகிற அன்று ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணன் யாருக்குப் போன் போடுவார் என்று எனக்குத் தெரியும்.

ஜாமீன்தான் இன்னும் முடியவில்லை. இனிமேல் கொடுக்கப்போகும் கடனுக்கு நான் ஜாமீன் இல்லை என்று வக்கீல் மூலம் நோட்டீஸ் போயிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்த கடனுக்கு அது பொருந்தாது, பேங்க் எழுத்தில் விடுவித்தால்தான் உண்டு. பேங்க் மாற்றுச் சொத்து கேட்கிறது. மச்சினன் இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அண்ணியும் அதைப் பற்றிப் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியே திருப்பூர் போய்த் தம்பியிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். அவிநாசி ரோட்டில் இருக்கும் தன் மனையை வைக்க மச்சினன் ஒத்துக்கொண்டிருக்கிறாராம். மதிப்புப் போட பேங்க் ஆள் புதன்கிழமை வருகிறார்.